மதினியின் ரேஸ் ஹேண்டில்

என் மதினி புவனேஸ்வரி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். என் அண்ணன் அய்யப்பனைக் கட்டிக்கொண்டு அன்னவாசல் பக்கம் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். எங்கள் இருவரையும் வைத்துக் குப்பை கொட்டுவதற்கு அண்ணனுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

மதினி கிராமத் தபால்காரி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள், குறுக்கே பாய்ந்த ஆட்டுக்குப் பிரேக் போட்டு விழுந்தாள். வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்க முடியாததால் ஸ்கூட்டர் போச்சு. சாதா சைக்கிளில் உள்ளங்கையைக் கவிழ்த்து ஹேண்டிலைப் பிடித்தால், தெரு முக்கு திரும்புவதற்குள் விரல்கள் மரத்துப்போகும்.

அவளுக்குப் பதிலாக வசந்த் என்ற பையன் தபால் பையோடு போய்வந்தான். விடுப்பு இந்த மாதத்தோடு தீர்கிறது. அதற்குள் அவளால் சுற்றுப் போக முடியாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். "விட்டுத் தொலை, கைதான் முக்கியம்" என்று அண்ணன் சொன்ன அன்றைக்கு மதினி சோற்றைத் தொடவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுத்த பிளெஸ்ஸி அம்மா, "டம்ளர் பிடிக்கிற மாதிரி பிடிச்சீங்கன்னா வலிக்காது" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலைத்தான் அப்படிப் பிடிக்க முடியும். ஆனால் ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் எங்கள் சரளைப் பாதையில் ஒரு வாரம் தாங்காது. அதனால், மேடு பள்ளத்துக்கென்றே தடித்த டயரோடு அந்தக் காலத்தில் வந்த இரும்புக் கியர் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கி, அதில் ரேஸ் ஹேண்டிலை மாட்டப் போகிறாளாம். கையில் கட்டோடு கிடந்தபோதெல்லாம் போனில் சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்து நான் எத்தனை முறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததெல்லாம் சைக்கிளாம்.

திருச்சியில் ஒரு பழைய கடையில் ஹேண்டிலையும் அதற்கான பிரேக் பிடிகளையும் முதலில் வாங்கிவிட்டாள். பிறகு சைக்கிள் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு அன்னவாசல் மெக்கானிக் பெரியண்ணன் கடைக்குப் போனாள்.

அங்கே சிவப்பாக ஒன்று நின்றது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயில் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பித் தடித்துப் போயிருந்தன.

"வருஷந்தவறாம ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கின வண்டி தாயி. ராசியான வண்டி" என்றார் பெரியண்ணன்.

மதினி சுற்றிச் சுற்றி வந்தாள். "அண்ணே, ஈரத்துணி இருக்கா? இந்தப் பொட்டத் தொடச்சுப் பாக்கணும்."

பெரியண்ணன் முகம் செத்துப்போனது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கச் சொல்றீங்களே."

எனக்கும் சுருக்கென்றது. "மதினி, சும்மா இருங்க. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"என் நெத்திப் பொட்டவா அழிக்கிறேன்? இரும்பப் பாக்குறேன், ராணி. குழிக்குள்ள எறங்குறப்ப இந்தக் கழுத்துதான் என்னத் தாங்கணும்."

யாருக்கும் காத்திராமல் தன் கைக்குட்டையை வாளித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். குங்குமம் கரைந்தது, சந்தனம் பெயர்ந்தது. அடியில் கழுத்தைச் சுற்றிக் கரடுமுரடாக ஒரு வெல்டிங். என்றைக்கோ ஒடிந்து ஒட்டவைத்த சட்டம். முதல் ஆள் இதை மறைக்கத்தான் வைத்தானோ என்னவோ தெரியாது, பிறகு வாங்கினவர்கள் எல்லாரும் பழைய பொட்டை அழிக்கப் பயந்து அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

"நானும் மேலயே வச்சுட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் பெரியண்ணன். நல்ல மனுஷன். பிறகு அவரே, "மீமிசல்ல சைபுல்லா பாய்கிட்ட போய்ப் பாருங்க. வெளிநாட்டுலருந்து கார்கோல வந்த சைக்கிள் கெடக்கு" என்றார். என் பேச்சைக் கேட்டிருந்தால் மதினியின் பல் போயிருக்கும்.

மறுநாளே மீமிசலுக்குப் பஸ் ஏறினோம். மஞ்சள் பையிலிருந்து ஹேண்டில் எட்டிப் பார்த்தது. கண்டக்டர், "என்னக்கா, கெடாக் கொம்பா?" என்றார்.

"ஆமா. கெடா மீமிசல்ல நிக்கிது, புடிச்சுட்டு வரப் போறோம்" என்றாள் மதினி. பஸ்ஸே சிரித்தது.

சைபுல்லா பாய் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. பெரியது பளபளவென்று இருந்தது. சின்னதில் பெயிண்ட் உரிந்து, உப்புக்காற்றில் செயின் துருவேறியிருந்தது. அவர் பெரியதைத்தான் காட்டினார். மதினி சின்னதிடம் போனாள்.

"ரேஸ் ஹேண்டில் ஆளையே முன்னாடி இழுக்கும் பாய். அதுனால சட்டம் நீளம் கொறச்சலா இருக்கணும். பிரேக்கும் இந்தப் பழைய மாடல்தான் ரேஸ் பிரேக் பிடிக்கு ஒத்து வரும். அந்தப் பெருசுல உள்ள நீட்டுப் பிரேக்கு சரியாப் புடிக்காது."

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க" என்று சிரித்தார் பாய்.

ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்த்தாள். சீட்டுக் கம்பி குழாய்க்குள் ஒட்டிப் போயிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. பாயின் மனைவி ரமீஜா எண்ணெயும் ஸ்பேனரும் கொண்டுவந்து கொடுக்க, பழைய ஹேண்டில் இறங்கியது, புதியது ஏறியது. இடது பக்கப் பிரேக்கை மட்டும் இப்போதைக்கு இணைத்துக்கொண்டு, "ஒரு நடை பாத்துட்டு வாரேன்" என்று ஏறிவிட்டாள்.

கடற்கரைப் பக்கம் போனவளைக் காணோம். அவளுக்கு ஊற்றி வைத்த டீ ஆறிவிட்டது. விழுந்திருப்பாளோ, கை மரத்து எங்கேயாவது உட்கார்ந்து அழுகிறாளோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் சைக்கிளும் சரிவரவில்லையென்றால் அவளுக்கு வேறு வழி கிடையாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மதினியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் வந்தாள். முகமெல்லாம் வேர்வை, துப்பட்டாவெல்லாம் மணல். இறங்கிச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள்.

"வெரல் மரத்துச்சா மதினி?"

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வசந்த் தம்பி, பையக் கொண்டாந்து வீட்டுல குடுத்துருப்பா. திங்கக்கெழமை நான் போறேன்."

போனில் அவன் கையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

"கையா? அந்தக் கையிலதான்பா இப்ப போன வச்சிருக்கேன்."

அப்போதுதான் பார்த்தேன். வலது கை. விழுந்ததிலிருந்து அந்தக் கையில் அவள் ஒரு பொருளை இத்தனை நேரம் பிடித்து நான் பார்த்ததில்லை. பாய் முன்னால், ரமீஜா முன்னால், வெட்கமில்லாமல் நான் அழுதுவிட்டேன்.

"எதுக்குடி அழுகுற?" என்று என்னை அதட்டிவிட்டு, போனைக் கை மாற்றாமலேயே அண்ணனுக்குப் போட்டாள் மதினி.