மாலுமி கரை சேர்ந்த விளையாட்டு

நான் ஒரு புத்தகத்தைத் திருடினேன். எங்கள் பாடசாலை நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை... படிப்பதற்காக அல்ல. இன்னொருவர் அதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக!

சிரிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டிவி கேம்.

யுத்த காலம் அது. கண்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் பரமேஸ்வரி டீச்சர் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்தவர், எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவர். ஊரைவிட்டு ஓடிவந்த நெரிசலில் கணவரைத் தவறவிட்டவர். உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மஞ்சள் கேம் கசெட்டை ஊதிச் செருகி, ஒரு நாள் விளையாடிக்கொண்டிருந்தேன். பழைய ஆங்கில நாவல் ஒன்றை விளையாட்டாக்கியிருந்தார்கள். எப்படி ஆக்கியிருந்தார்கள் என்கிறீர்கள்! புயலில் சிக்கிய மாலுமி நண்டுகள்மேல் தோடம்பழம் எறிவான்; பழம் பட்டால் நண்டு வெடிக்கும். எந்த எழுத்தாளன் இப்படி எழுதியிருப்பான்? ஆனாலும் அந்தக் கீச்சுக்கீச்சு இசைமேல் எனக்கு இன்றும் கொள்ளை ஆசை.

திரையில் நாவலின் பெயரைக் கண்டதும் டீச்சர் அருகில் வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கதையை நான் பாதிதான் வாசிச்சனான். புத்தகம் வீட்டோடை போட்டுது. கடைசியிலை அவன் வீடு வந்து சேருவானோ?"

நாவலை நான் தொட்டதே இல்லை. ஆனால் அதை டீச்சரிடம் ஒப்புக்கொள்வதா? பதினைந்து வயதுத் திமிர்!

"வந்துருவாரு டீச்சர். நான் வாசிச்சிருக்கேன். அவரு சம்சாரம் கரையில வெளக்கோட நிப்பாங்க."

அது கேமின் முடிவு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டீச்சரின் முகம் மலர்ந்ததே... அன்று முதல் ஊரடங்கு போட்ட நாளெல்லாம் எங்களுக்குத் திருவிழா. "ஐயோ, நண்டு கொண்டுபோட்டுது!" என்று டீச்சர் விளையாட்டைப் பாதியில் என்னிடம் தள்ளிவிடுவார். நான் மாலுமியைக் கரை சேர்த்ததும் கைதட்டுவார். அவற்றைவிட இனிய மாலைகள் எனக்கு வாய்க்கவில்லை.

பிறகுதான் அந்த நாவல் நூலகத்தில் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். மாலுமி கடலோடு போய்விடுகிறான். மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊர் போகிறாள்.

டீச்சர் வாராவாரம் வரும் நூலகம் அது. புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்பினால் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்பு மட்டுமா? என் பொய் பிடிபட்டுவிடும் என்ற பயமும்தானே!

அடுத்த வருடம் கனடாவிலிருந்த டீச்சருடைய அண்ணன் தன்னிடமே வந்துவிடும்படி அவரை அழைத்தார். பயணத்துக்கு எல்லாம் சரியாகியும் டீச்சர் மறுத்துவிட்டார்.

"அவர் வந்து தேடினால்? கரையிலை விளக்கோடை ஆராவது நிக்க வேணுமெல்லே, தம்பி?" என்று சிரித்தார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்...

யுத்தம் முடிந்தது. கணவர் வரவில்லை. டீச்சர் இப்போது கண்டிக்கு அருகே தெல்தெனியவில் தனியாக இருக்கிறார். தலை முழுதும் வெளுத்துவிட்டது. போன ஞாயிறும் அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அந்தப் புத்தகம் எங்கையும் கிடைக்கேல்லையோ, தம்பி?"

"இல்லீங்க டீச்சர்."

"பரவாயில்லை. முடிவுதான் தெரியுமே. போடும், பாப்பம்."

போட்டேன். மாலுமியைக் கரை சேர்த்தேன். டீச்சர் கைதட்டினார்.

புத்தகம் என் அலுமாரியில்தான் இருக்கிறது.