பதிலுக்கு முன் பறந்த டிரோன்

மலேசியாவில், கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்காக நான் எழுதிய செயலி, மருந்தடிக்கும் டிரோனைக் கிளப்பும் முன், உள்ளே சென்ற எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று சரிபார்க்கும். தோட்டத்தில் இணைய லைன் மோசம். பதில் வரும்வரை திரை அசையாது.

"ஏம்மா, மறுபடியும் ஜேம் ஆயிருச்சு லா," என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி தினமும் குறைப்பட்டார்.

அதனால் அந்தச் சரிபார்ப்பைப் பின்னணியில் ஓடும்படி மாற்றினேன். அப்படி மாற்றினால், அதை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் 'பதிலுக்குக் காத்திரு' என்று எழுத வேண்டும். ஐந்து இடங்களைப் பட்டியலிட்டு, நான்கில் எழுதினேன். டிரோனைக் கிளப்பும் ஐந்தாவது இடத்தை மறந்துவிட்டேன்; அங்கே, 'பதில் பிறகு வரும்' என்ற வெறும் வாக்குறுதியையே நிரல் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை நானும் தோட்டத்தில் இருந்தேன். 'எல்லோரும் வெளியே' என்று திரை பச்சையானது. டிரோன் கிளம்பியது. மண்டோர் வழக்கம்போல், வெளியே நின்றவர்களைப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தார்.

"லெட்சுமி எங்க?"

"உள்ள உதிரிப்பழம் பொறுக்குதுண்ணே," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

நிறுத்தும் பொத்தானை வைத்தவளே நான்தான். ஆனாலும் விரல் இரண்டு முறை தவறியது. இரைச்சல் மரங்களுக்கு மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறை அழுத்தியதும் டிரோன் அந்தரத்தில் நின்றது.

லெட்சுமியக்கா கோணியோடு வெளியே வந்தார். மருந்து படவில்லை.

"என்னம்மா, மொகம் வெளுத்துப் போச்சு? ஒனக்கா மருந்தடிச்சாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"லைன் கோளாறு லா," என்றார் மண்டோர்.

"இல்லண்ணே. என் தப்பு," என்று நடந்ததைச் சொன்னேன்.

லெட்சுமியக்கா கோணியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்தார். இன்றும் நிரல் எழுத உட்கார்ந்தால், அந்தக் கைகள்தான் முதலில் கண்முன் வருகின்றன.