மணிக்கட்டில் ஒரு சீல்

புதுச்சேரியில் ஏசி அறையில் அலுவலகப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். உண்மையில் நானும் மூன்று தோழிகளும் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் பப் பப்பாக ஏறி இறங்கி, அங்கேயே தயாரிக்கும் பீர்களைச் சின்னக் கிளாஸ்களில் ருசி பார்த்தோம். ஒன்றில் மாம்பழ வாசம், ஒன்றில் காபிக் கசப்பு.

மாலை ஆறு மணிக்குச் சென்னை வானகரத்தில் வாடகை வேனிலிருந்து இறங்கி ஐயப்பன்தாங்கலுக்கு ஆட்டோ ஏறியதும் பயம் பிடித்துக்கொண்டது. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவர் என் மாமியார். கிராம்பை மென்றுகொண்டே இருந்தேன். போதாததற்கு ஆட்டோக்காரர் வேறு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். குடித்தவள் என்று தெரிந்துவிட்டதோ? கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டினார்.

"கைல சீல் கீதும்மா," என்றார் திரும்பாமலே. "அழிச்சிட்டுப் போ."

பப் வாசலில் மணிக்கட்டில் குத்திய நீல முத்திரையை மறந்தே போயிருந்தேன். சானிடைசர் பாட்டிலை நீட்டினார்.

"எம் பொண்ணும் ஐடிதான். இப்டித்தான் தேச்சிகினு வரும். நான் கண்டுக்க மாட்டேன்."

தோல் சிவக்கத் தேய்த்தேன். மை போய்விட்டது, அவரைத் தப்பாக நினைத்த உறுத்தல் போகவில்லை.

கதவைத் திறந்த மாமியார் என் மணிக்கட்டை ஒரு கணம் பார்த்தார்.

"வெயில்ல ரொம்ப அலைஞ்சிருப்ப. மோர் குடிக்கிறியா?"

ஏசி அறை என்றுதானே சொல்லியிருந்தேன்? இதுவரை நான் மறைத்தவற்றில் எத்தனை அவருக்குத் தெரியும் என்று இன்றுவரை கேட்கவில்லை.