பேத்தியின் மூச்சை மூன்று முறை எண்ணினேன்

காலையிலிருந்து எட்டு மாதப் பேத்திக்கு ஓயாத இருமல். "சளிதான் மாமா, சரியாயிடும்" என்றாள் மருமகள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. போன மாதம் கிராம நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருந்தார். பல நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து தயாரித்ததாம். இருமும் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும்; இந்த வயதில் ஐம்பதைத் தொட்டாலே நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம்.

எண்ணினேன். தாளில் இருந்த வரம்பைத் தாண்டியது. என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மறுபடி இரண்டு முறை எண்ணினேன். மாற்றமில்லை.

தொந்தரவாகுமோ என்று தயங்கித்தான் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"வரப்புத் தகராறுல நிலம் அளக்குற மாதிரி மூணு தடவையா, சர்வேயர் சார்? உடனே நன்னிலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க!"

பரிசோதித்த டாக்டர் சொன்னார்: "நிமோனியா ஆரம்பம். நல்லவேளை, இன்னைக்கே வந்துட்டீங்க."

மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இப்போது பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

அந்த மருத்துவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்களோ, தெரியாது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியும் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

நான்காம் முறை எண்ணப் போனபோது மருமகள் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். திரும்பப் பெற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.