சித்தி மறுத்த வேலை

மகள் ஆங்கில இலக்கணம் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, 'டர்ன் டவுன்'னா வந்த வாய்ப்ப வேண்டாம்னு சொல்லுததாம். ஒரு வாக்கியம் சொல்லேன்" என்றாள்.

எனக்குச் சித்தியின் நினைவு வந்தது. தூத்துக்குடி வீட்டில் கருவாட்டு வாசம் நிறைந்த ஒரு மத்தியானம். நர்ஸுக்குப் படித்த சித்திக்கு மஸ்கட்டில் வேலை இருப்பதாகச் சொல்ல ஒருவர் வந்திருந்தார். "பிள்ளைக்கு இஷ்டமில்ல தம்பி" என்று தாத்தா அவரை அனுப்பிவிட்டார்.

அடுக்களையில் அம்மா பதறினாள். "ஏளா, நீ ஏன் வேண்டாம்னு சொன்னே?"

"எங்கிட்ட யாரு கேட்டா, அக்கா?" என்ற சித்தி, மீனை அரிந்துகொண்டே இருந்தாள்.

தாத்தாவைக் கடைசிவரை கவனித்து, அந்த வீட்டிலேயே தனியாக மூப்படைந்தாள். வெளிநாட்டு வேலையை உதறியவள் என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது.

"சீக்கிரம் சொல்லும்மா" என்றாள் மகள்.

சித்தியை எழுவாயாக வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.