புளி போட்டுத் தேய்த்த காசு

ஆறாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். செஞ்சிக் கோட்டை வாசலில் துணி விரித்துப் பழங்காசு விற்றேன்; எந்த நாட்டுக் காசையும் கண்டுபிடிப்பேன் என்று பேர் வாங்கியிருந்தேன்.

வேர்க்கடலைக் கொல்லையில் கிடைத்த செப்புக்காசோடு வல்லத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கிணற்று மோட்டார் எரிந்து பயிர் காய்ந்துகொண்டிருந்தது. இதை விற்றால்தான் மோட்டார். காசு கறுத்திருந்ததால் எழுத்தே தெரியவில்லை.

“குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேச்சினு வாக்கா” என்றேன்.

மறுநாள் பளபளத்த காசை, என்னிடம் பழங்காசு வாங்க வரும் பாண்டிச்சேரி வியாபாரி லென்ஸில் பார்த்தார்.

“டச்சுக்காரன் காசு. கறுப்போட இருந்தா நல்ல விலை. இப்ப வெறும் செம்பு. எவன் தேய்க்கச் சொன்னான்?”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“நானாத்தான் தேச்சேன் சார்” என்றார்.

நான் குனிந்து, விரித்திருந்த துணியில் என் காசுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குப் போகும்போது அக்கா, “சாப்ட்டியா தம்பி?” என்று கேட்டார்.