குரல் வராத வீடு

கலேவெல பெற்றோல் செட்டில் பம்ப் அடித்த மக்கீன் நானாவை எங்கள் தெருவில் இப்போது பைத்தியம் என்கிறார்கள். வாசலில் நின்று யாரையாவது கூப்பிட்டால் பதில் வரும்வரை நகரமாட்டார். வராவிட்டால் உள்ளே புகுந்துவிடுவார். அதற்காக வசவு வாங்கியும் திருந்தவில்லை.

போன வருஷம், எழுபத்தெட்டில், சூறாவளி ஓய்ந்த காலை செட்டின் நிலத்தடிப் பெற்றோல் தாங்கிக்குள் வெள்ளம் இறங்கிவிட்டது. தண்ணீர் அடியில் தங்க, பெற்றோல் மிதந்து மூடிவழியே பொங்கிச் சாக்கடைக் கானில் கலந்தது. எங்கள் குசினிகளை ஒட்டித்தான் அந்தக் கான் ஓடுகிறது. முதலாளி மண் கொட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். மக்கீன் நானா கானை முந்திக்கொண்டு ஓடினார்.

முதல் வீட்டில் ஹிதாயா ராத்தா சிரித்தார்.

“என்ன மக்கீன், நோன்பும் இல்லாம அடுப்ப அணைக்கச் சொல்ற?”

“பகிடி இல்ல ராத்தா, கான மோந்து பாருங்க!”

மோந்தவர் உலைப்பானையையே அடுப்பில் கவிழ்த்தார்.

அடுத்தது றாபியாவின் வீடு. கணவன் மௌத்தாகி இரண்டாவது மாதம். அந்நிய ஆணுக்கு முகமும் குரலும் காட்டாமல், விதவைக்குரிய இத்தா இருந்தாள். அவளுடைய உம்மா, பிய்ந்த கூரைக்குத் தகரம் தேடிப் போயிருந்தார். குசினியில் புகை.

“றாபியா, அடுப்ப அணைச்சிருங்க புள்ள! பெற்றோல் வருது!”

பதில் இல்லை. மறுபடியும் கத்தினார். உள்ளே ஏதோ பானை நகர்ந்தது. தண்ணீர் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

முதுகில் சூடு அடித்தது. திரும்பினால் றாபியாவின் குசினி முழுக்க நெருப்பு.

“நீங்க சொல்லத்தானே செஞ்சீங்க நானா. அல்லாஹ்ட நாட்டம்” என்று றாபியாவை அடக்கிய அன்று ஜனாஸா வீட்டில் எல்லோரும் தேற்றினோம்.

“அவக்குக் கேட்டிச்சா?” என்றார்.

பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: “அவ பதில் பேசியிருந்தா, இத்தாவில இப்பிடியான்னு நான்தான் கொறையா நெனச்சிருப்பேன், தம்பி.”

செட்டை விட்டுவிட்டார். விறகு வெட்டுகிறார். வீடு திரும்பியதும் வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடுவார். நூருன்னிஸா தொழுகையில் இருந்தால் பேச முடியாது. கையைத் தட்டி உணர்த்துவார். மார்க்கம் அதற்கு இடம் தருகிறது.

அந்தத் தட்டல் தெருவில் நிற்கும் எனக்கே கேட்கிறது. மக்கீன் நானா நகர்வதில்லை. விறகுக் கட்டைக்கூட இறக்காமல், நூருன்னிஸா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, “இருக்கேன்ங்க, இங்கதான் இருக்கேன்” என்று வாய் திறக்கும்வரை, வாசலிலேயே நிற்கிறார்.